கொரம்புக்கு அனுமதி இல்லை

1. போர்டு

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையிலிருந்து இறங்கும் ஆற்றைப் பாதுகாக்கப்பட்ட ஆறாக அறிவித்த மறுவாரமே என்னை அங்கே களப்பணிக்கு அனுப்பினார்கள். எனக்கு நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. ஆற்றில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் இல்லாததால் தேவைப்படவும் இல்லை.

முதல் வேலை போர்டு நடுவது. எட்டடித் தகரம். கல்லை நகர்த்தாதீர், மணலை அள்ளாதீர், செடியை வெட்டாதீர்.

சும்மா சொல்லக்கூடாது, பலன் இருந்தது. மணல் வண்டிகள் நின்றன. அருவியில் குளிக்க வருகிறவர்கள் ஷாம்பு பாக்கெட்டைத் திரும்பக் கொண்டுபோனார்கள். மடுக்களில் மீன் துள்ளியது. பெருமையாக ரிப்போர்ட் எழுதினேன். கீழே வயல்களுக்குப் பாயும் பாசனக் கம்மாயைப் பற்றி எழுதவில்லை. அது என் எல்லைக்குள் வராது.

2. கொரம்பு

ஐப்பசியில், கம்மாயை நம்பி நெல் போடும் சோழபுரத்துக்காரர்கள் வந்தார்கள். வருடாவருடம் ஆற்றின் குறுக்கே கல்லும் மணலும் தழையும் போட்டுத் தற்காலிகமாக ஒரு தடுப்பு கட்டுவார்கள். அதுதான் கொரம்பு. தண்ணீர் வாய்க்காலுக்குத் திரும்பி, கம்மாய் நிரம்பும். பெருவெள்ளம் வந்தால் கொரம்பு தானே கரைந்துவிடும். போர்டின்படி மூன்றும் குற்றம்.

முன்னால் நின்றவர் முத்துலட்சுமி. நாற்று பாவியிருந்தார்.

"கம்மாய்க்குத் தண்ணி வரலைன்னா அம்புட்டு நாத்தையும் மாட்டுக்குத்தான் போடணும் சார்."

"மேலே கேட்டிருக்கேம்மா."

"மேல மலைதான இருக்கு?"

ஸ்ரீவில்லிபுத்தூரில் மீட்டிங்கில் இருந்த என் அதிகாரிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன்.

"இயற்கையான எதையும் டச் பண்ணக்கூடாது. ரூல் கிளியரா இருக்குல்ல?"

"மழை வருது சார்."

"ப்ரொபோசல் அனுப்புங்க."

"மழைக்கும் ஒண்ணு அனுப்புங்க," என்றார் முத்துலட்சுமி. "செத்த நேரம் நிக்கட்டும்."

நிற்கவில்லை. மதியத்துக்கு மேல் செந்தண்ணீர் இறங்கி, வாய்க்காலைத் திரும்பியும் பார்க்காமல் நேராகப் போனது. அத்தனை பேரும் மண்வெட்டியோடு கரையில் நின்றார்கள். முத்துலட்சுமி மட்டும் போர்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

"கல்லுன்னு போட்டிருக்கு, மணலுன்னு போட்டிருக்கு, செடின்னு போட்டிருக்கு. தகரம்னு எங்க சார் போட்டிருக்கு?"

நானும் படித்தேன். அதிகாரி சொன்ன இயற்கையிலும் தகரம் அடங்காது.

"போடலைதான்," என்றேன். நான் கொடுத்த அனுமதி அவ்வளவுதான். நாலு பேர் போர்டைப் பிடுங்கி, கிடந்த பாறைகளுக்கிடையே குறுக்காகச் சொருகினார்கள். தண்ணீர் வாய்க்காலுக்குள் திரும்பியது. கம்மாய் பாதிக்கு மேல் நிரம்பியது. நடவு நடந்தது.

இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி, "போர்டு எங்கய்யா?" என்றார்.

"டூட்டில இருக்கு சார்," என்று ஆற்றுக்குள் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

கொரம்புக்கான ப்ரொபோசலுக்கு இன்றுவரை பதில் இல்லை. புதுப் போர்டு மட்டும் உடனே வந்தது, நாலாவது வரியோடு: இப்பலகையை அகற்றாதீர். கான்கிரீட் போட்டு நட்டிருக்கிறோம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆறு எங்கே பிறக்கிறது என்று ஜீப்பில் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அது எந்த வயலில் போய் முடிகிறது என்று யாரும் காட்டமாட்டார்கள். போர்டுக்குக் குழி தோண்டுவதற்கு முன் அதுவரை நடந்து பாருங்கள். முத்துலட்சுமி அடுத்த ஐப்பசிக்கும் நாற்று பாவுவார்.