பேசாத பெட்டி என்னுடையது

அண்ணன் ஆண்டவரிடம் போய் ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதச் சொன்னார் மைனி, அண்ணனின் மனைவி. எழுதுகிறேன். ஆனால் அண்ணனின் ரேடியோவைப் பற்றி ஊரார் சொல்லும் பெருமையில் பாதி என்னுடையது. அதையும் சேர்த்துத்தான் எழுதுவேன்.

பாறசாலைக்குக் கிழக்கே பிறந்தவர் அண்ணன். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் படிப்பை விட்டு அமரவிளையில் மரமில்லுக்கு வேலைக்குப் போனார். மரத்தூளில் நின்று உழைத்து என்னைப் படிக்கவைத்தார். கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே கட்டிக்கொடுத்தார். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பந்தியிலும் பெரிய மீன் துண்டு அவருக்குத்தான். எந்த வீட்டு விசேஷத்திலும் பேச்சு அவரைப் பற்றித்தான். எனக்கு வயிறு எரியும். இப்போதும் எரிகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருக்குச் சிற்றலைப் பைத்தியம் பிடித்தது. பாட்டும் செய்தியும் வேண்டாம். லைசென்ஸ் வாங்கி வீட்டிலிருந்தே வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்பவர்களின் குரல்தான் வேண்டும். அவர்கள் பேசுவது ‘சிங்கிள் சைடு பேண்ட்’ முறையில். சாதாரண ரேடியோவில் அது பேச்சாக வராது. வாத்து கத்துவதுபோல் வரும். வாத்தை நாங்கள் தாராவு என்போம்.

அண்ணன் அதற்கு ஒரு வழி கண்டார். தன் ரேடியோவை ஒட்டி என் ரேடியோவை வைப்பார். என்னுடையதன் சத்தத்தை முழுக்க அடைத்துவிட்டு, முள்ளை மயிரிழையாக நகர்த்துவார். அதற்குள் பிறக்கும் அலை அவர் பெட்டியில் போய்க் கலந்ததும், தாராவு மனிதக் குரலாகிவிடும். பெங்களூரில் ஒருவர் மழை பெய்வதைச் சொல்வது தெளிவாகக் கேட்கும். பாட்டுக் கேட்க நான் ஆசையாக வாங்கிய ரேடியோ பக்கத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கும்.

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆட்கள் கேட்க வருவார்கள். ஒருநாள் சபை உபதேசியார் வந்தார்.

“உனக்க கைராசியே கைராசியாக்கும்!” என்று அண்ணனைத் தட்டிக்கொடுத்தவர், என் ரேடியோவைக் காட்டி, “இந்தக் கேடுவந்த பெட்டிய எதுக்கு மக்கா பக்கத்துல வச்சிருக்க?” என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! என் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பின்னால் தாராவு கத்தியது.

“என்னவாக்கும் ஆச்சு?” என்றார் உபதேசியார்.

“ஒண்ணுமில்ல. பொழியூர் பக்கம் மழைக்கோளு உண்டு, அதாக்கும்” என்றார் அண்ணன்.

மழைக்கோளாம்! என் பெயரைச் சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா?

அதன்பின் ரேடியோவைக் கொடுக்கும்போதெல்லாம் கேட்பேன். “இன்னைக்காவது சொல்லுவியளா, அண்ணா?”

“சொல்லுதேன் மக்கா. முதல்ல நீ அதை வை.”

சொன்னதே இல்லை.

மரத்தூள் நெஞ்சில் இறங்கி, கடைசி மாதங்களில் மூச்சுக்கே திண்டாடினார். அவர் கேட்காமலே என் ரேடியோவைக் கட்டிலருகே கொண்டுபோய் வைத்தேன். அடக்கம் முடிந்த பிறகு உபதேசியார் என்னிடம் வந்தார். ஜெபிக்கப் போனபோது அண்ணன் திணறித் திணறி அவரிடம் சொன்னாராம்: “அது கேடுவந்த பெட்டி இல்ல. தங்கச்சிக்க பெட்டியாக்கும். அது இல்லேன்னா எனக்க பெட்டி பேசாது.”

நான் அப்போது அடுக்களையில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டு என்னிடம் சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தையும் உபதேசியாருக்குத்தான் கிடைத்தது.

ஆஸ்பத்திரிக்கு வண்டி தந்த பக்கத்து வீட்டாருக்கும், கண்விழித்துப் பார்த்துக்கொண்ட மைனிக்கும், சபையாருக்கும் எங்கள் நன்றி.

அண்ணன் மகன் அப்பாவின் ரேடியோவைத் தான் இருக்கும் காட்டாக்கடைக்குக் கொண்டுபோனான். போன மாதம் அதோடு திரும்பி வந்தான்.

“மாமி, தாராவு சத்தந்தான் கேக்குது. உங்க ரேடியோவயும் தாருங்க.”

“தரமாட்டேன். அப்பாக்க ரேடியோவ இங்க வை.”

வைத்துவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இந்த முறை அண்ணன் பெட்டியின் சத்தத்தை அடைத்து, என்னுடையதைப் பேசவைத்தேன். அருமையாகப் பேசியது. இத்தனை வருஷம் நான் ஆசைப்பட்டது அதற்குத்தான். ஆனால் அண்ணன் பெட்டி வாயை மூடிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. என்னுடையதை அடைத்துவிட்டு, அவருடையதைத் திறந்துவிட்டேன்.