ஒரே உதையில் கிளம்பிய வண்டி

கீழே சமவெளியில், பெருமாட்டி என்ற என் ஊரில் இருந்தவரை என் வண்டி இந்தச் சேட்டையெல்லாம் செய்ததில்லை. என்னைவிடப் பத்து வயதுதான் இளைய மோட்டார் சைக்கிள். அங்கே வெயிலில் நின்று நின்று எப்போதும் சூடாகவே இருக்கும், காலை வைத்தாலே கிளம்பும். மனைவி இறந்தபின் தென்னந்தோப்பைத் தம்பி கையில் விட்டுவிட்டு, பள்ளிவாசல் என்ற இந்த மலையூரில் ஒரு தங்கும் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தேன். அன்றிலிருந்து தினமும் விடிந்தால் அதற்கும் எனக்கும் சண்டைதான்.

ஆறு மணிக்கு விடுதியில் அடுப்பு எரிய வேண்டும். பனிக்குப் பயந்து என் வாடகை வீட்டு முன்னறைக்குள் ஏற்றி வைத்திருக்கும் வண்டியை ஐந்தேகாலுக்கே வாசலில் இறக்குவேன். சோக்கை இழுத்துப் பதினைந்து, இருபது உதை. கிளம்பினாலும் ஆக்ஸிலேட்டரை விட்டால் செத்துவிடும். இன்ஜின் சூடாகும்வரை பத்து நிமிடம் முறுக்கிப் பிடித்தபடி நிற்க வேண்டும். அவசரப்பட்டுப் புறப்பட்டால் முதல் ஏற்றத்திலேயே படுத்துக்கொள்ளும். இரண்டு முறை தள்ளிய பிறகு எனக்குப் புத்தி வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் சாயங்கால ஷிப்ட் போய் நள்ளிரவில் வந்து படுப்பவர். என் வண்டி உறுமியதும் அவர் ஜன்னல் திறக்கும்.

“அண்ணே, மனுசன ஒறங்க விட மாட்டியளா?”

“ஆச்சுங்க, ரெண்டே நிமிசம்.”

“நேத்தும் ரெண்டு நிமிசம்னுதான் சொன்னிய. காய்ச்ச கீய்ச்ச வந்து ஒரு நா படுங்க, நானும் நிம்மதியா ஒறங்குதேன்.”

எனக்குக் கோபம் சுருக்கென்று ஏறும். இவர் வாயை அடைத்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

ஊரில் என் பழைய மெக்கானிக்குக்கு போன் போட்டேன். “மலைல காத்து கம்மிங்க, பெட்ரோலக் கொறச்சு வெய்ங்க” என்றார். குறைத்தேன், உதை முப்பதானதுதான் மிச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எரிச்சலில், கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தைச் சுற்றி கிரீஸை அப்பிப் பார்த்தேன். திக்கித் திக்கி ஓடிய இன்ஜின் சட்டென்று சீரானது. அந்த இடுக்கு வழியாகத்தான் இத்தனை நாளாகக் காற்று நுழைந்துகொண்டிருந்தது. கழற்றினேன். கார்புரேட்டரில் இன்ஜினோடு ஒட்டும் பக்கம் வளைந்திருந்தது; அதைக் கண்ணாடித் துண்டின்மேல் எமரித் தாள் வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்கி, இடுக்கை அடைக்கப் புது கேஸ்கெட் வெட்டி நடுவில் வைத்துப் பூட்டினேன். மெக்கானிக் சொல்லிக் குறைத்ததையும் பழையபடி வைத்தேன்.

மறுநாள் வண்டியைச் சத்தமில்லாமல் சரிவில் உருட்டி, கீழே ரோட்டுக்குப் போய் உதைத்தேன். ஒரே உதை. ஏற்றத்தில் ஒரு விக்கல்கூட இல்லை. ஜன்னல் திறக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டு போனேன்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம் தாங்கவில்லை. விடுதியில் என்னிடம் வருகிற பேச்சு சுடுதண்ணீர், சாவி, இவ்வளவுதான். சாயங்காலம் நான் திரும்பும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஷிப்டில் இருப்பார். ஒரு நாளில் என்னிடம் மனுசனாகப் பேசியது அந்த ஜன்னல் மட்டும்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

மழை தொடங்கியதும் காய்ச்சல் கண்டது. விடுதி முதலாளிக்கு போன் செய்தேன், வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். மூன்று நாள் கதவைத் திறக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருட்டும் சத்தமும் டிவியும் கேட்கும். தட்டலாமா என்று கை போகும், வீம்பு விடாது. ஒருமுறை வந்து எட்டிப் பார்க்க மாட்டாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். நான் செத்துக் கிடந்தால் எத்தனை நாளில் தெரியும் என்று எண்ணியபோது பயமாகவே இருந்தது.

நான்காம் நாள் தள்ளாடியபடி வெளியே வந்தேன். அவர் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணே, வண்டிய அருமையா சரி பண்ணிட்டிய. இந்த மூணு நாளா சுத்தமா சத்தமே இல்ல, நீங்க போனதே தெரியல.”

“ஆமாங்க,” என்றேன். “இப்பெல்லாம் ஒரே ஒதைதானுங்க.”