பத்துப் பேர் அளவு

எங்கள் நைனா சுப்புராயன் வீட்டில் இருந்தால் தண்ணீர்கூடத் தானாக மொண்டு குடிக்கமாட்டார். கடலிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால் தட்டு முன்னால் வர வேண்டும். சாப்பிட்டு எழுந்தால் அது தானாக மறைந்துவிட வேண்டும். தம்பி டில்லிபாபுவுக்குப் பால்பல் விழுவதற்கு முன்பே இந்த வித்தை பிடிபட்டுவிட்டது. பத்தாவது வந்தபோது அவன் நைனாவின் அச்சு. தட்டிலேயே கை கழுவிவிட்டுப் போவான். நான் முறைத்தால், நைனாவைக் கேட்காமல் தன்னை மட்டும் ஏன் கேட்கிறாய் என்பான். 

கல்மண்டபம் பக்கத்துச் சந்தில் வீடு. நைனாவுக்குக் காசிமேட்டிலிருந்து போகிற ஒரு விசைப்படகில் வேலை. நான் ஐந்தாவது படிக்கும்போது, வலை இழுக்கிற விஞ்சு எந்திரத்தில் சிக்கி அவருடைய வலது கையில் இரண்டு விரல் போயிற்று. கை ஆறியதும் அதே படகில் அதே விஞ்சுக்குப் போகிறார் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். டில்லிக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. "விஞ்சு கட்ச்ச கையாலயே விஞ்சு ஓட்றாரு எங்க நைனா" என்று சந்துமுனைக் கூட்டாளிகளிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்ததில்லை.

அந்தக் கூட்டாளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்கூட்டியில் போகிற பெண் பிரேக் போட்டால் சிரிப்பார்கள். வகுப்பில் ஒருத்தி முதல் மார்க் வாங்கினால் புரியாமல் கடம் அடித்தாள் என்பார்கள். அவர்களில் அறிவு என்ற பையன் ஒருநாள், அம்மா வேலைக்குப் போவதால் தன் அப்பாதான் சமைத்து டிபன் கட்டுகிறார் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான். அன்றோடு அவன் பெயர் போய், கரண்டி ஆனான். பெயர் வைத்தது என் உடன்பிறப்புதான்.

இந்த வருஷம் சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. நைனா வீட்டில். அம்மா பச்சையம்மா மட்டும் தடை இல்லாத சின்ன ஃபைபர் படகுகளில் வருகிற மீனை வாங்கி விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு காலையில் ஏலக் கூடத்தில் ஐஸ் தண்ணீர் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டோடு வந்து படுத்தாள். அடுத்த வாரம் எனக்குப் பாலிடெக்னிக்கில் பரீட்சை. இதில் அரியர் இல்லாமல் தேறினால்தான் மணலியில் ஒரு தொழிற்சாலைப் பயிற்சிக்கு எடுப்பார்கள். எடுத்துவிட்டால் என்னைக் கட்டிக்கொடுக்கிற பேச்சு நிற்கும். இல்லாவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று அத்தை மாப்பிள்ளையையே பார்த்து வைத்திருந்தாள்.

பூவம்மா அத்தை, நைனாவின் அக்கா, அன்றைக்கே அம்மாவைப் பார்க்க வந்தவள் என் புத்தகத்தைப் பார்த்தாள். "பரிட்சைக்கு அரியர் வெச்சிக்கலாம், வவுத்துக்கு வைக்க முடியுமா?" என்றாள். நான் நைனாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் தாண்டியும் யாரும் அடுப்புப் பக்கம் போகவில்லை. எனக்குப் பசியைவிட ஆத்திரம்தான் அதிகம். நைனாவும் டில்லியும் சமைக்கட்டும், இல்லாவிட்டால் கடையில் வாங்கிவரட்டும், நான் படிக்க வேண்டும் என்று சொன்னேன்.

டில்லி வாயைத் திறந்தான். "பொண்ணு வூட்ல இருக்க சொல்ல கடைல வாங்குவாங்களா? ஆம்பள போய் அடுப்பாண்ட நின்னா அவன் ஆம்பளையா? நீயே கேளு நைனா."

நைனா எழுந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

போனவர் ஆடியில் கூழ் ஊற்றுவதற்கென்று பரணில் வைத்திருந்த பெரிய தேக்சா பாத்திரத்தை இறக்கினார். ஒரு சொம்புத் தண்ணீரிலேயே அரிசி முழுவதையும் களைந்தார். தேக்சாவை அடுப்பில் ஏற்றியதும், கட்டுக்கம்பி எடுத்து அதன் கழுத்தைச் சுற்றி அடுப்போடு சேர்த்து முறுக்கிக் கட்டினார். அலை வந்து வீட்டைப் புரட்டுமா என்ன. மூன்று விரலில் கத்தியைப் பிடித்துக் கவலை மீனை அவர் கழுவி அரிந்த வேகத்துக்கு அம்மாவால்கூட ஈடு கொடுக்க முடியாது.  சோறு பொங்கி வந்தபோதுதான் தெரிந்தது, தெருவுக்கே போடலாம்.

உள்ளேயிருந்து அம்மா சிரித்தாள். "பத்து பேருக்கு ஒலை வெச்சிட்டியாயா? கை அளவு மாற மாட்டேங்குது பாரு." விரல் போன நாளிலிருந்து படகில் நைனாவுக்குச் சமையல் வேலைதான் என்று அவள்தான் சொன்னாள். துறைமுகத்துக்கே தெரியும். பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருந்தாராம்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கடலில் பத்துப் பேருக்கு வடித்துக்கொட்டிப் பாத்திரமும் தேய்க்கிற மனிதர், கரைக்கு வந்தால் ஒரு சொம்பைத் தூக்கமாட்டாராம். அம்மா அதையும் தெரிந்துகொண்டே தட்டு எடுத்திருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அவர் எனக்காகத்தான் எழுந்தார், டில்லியின் கண்ணில் எதைத் தொலைக்கப்போகிறோம் என்று தெரிந்தே எழுந்தார். அந்த நன்றியை நான் இன்னும் நேரில் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன், அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

மிஞ்சிய சோற்றையும் மீன் குழம்பையும் சந்துமுனைப் பையன்களுக்குக் கொடுக்கச் சொன்னார். டில்லி அசையவில்லை. நைனாவே தேக்சாவைத் தூக்கிக்கொண்டு போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். எல்லாரும் சப்புக்கொட்டித் தின்றார்கள். யார் வைத்த கொழம்பு என்று கேட்டது அறிவு.

"நான்தான். போட்ல எனக்கு அதான் வேல" என்றார் நைனா.

டில்லி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். ராத்திரி சாப்பிடவில்லை. இனிக் கரண்டி யார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் மறுநாள் மதியம் அறிவு ஒரு தூக்குச்சட்டியோடு வந்து, இன்றைக்கும் மிஞ்சுமா என்று கேட்டுவிட்டுத் வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். டில்லியை அவன் எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. அந்தப் பையனுக்கும் நான் கடன்பட்டவள்.

பரீட்சை முடியும்வரை நைனாதான் சமைத்தார். அளவு மட்டும் குறையவே இல்லை. புத்தகத்துக்குப் பக்கத்தில் டீ கிளாஸ் வந்து உட்காரும். மூன்றாம் நாள் அவர் வெங்காயக் கூடையை டில்லி முன்னால் வைத்தார். உரித்தான், முணுமுணுத்துக்கொண்டே. பிறகு தினமும் அடுப்படியில் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

ஆனியில் தடைக்காலம் முடிந்து படகு போயிற்று. நான் அரியர் இல்லாமல் தேறினேன். மணலியில் பயிற்சி தொடங்கிய முதல் நாள், பஸ்ஸில் கசங்கி வீட்டுக்கு வரும்போது மனசு முழுக்க அடுப்புதான். அம்மாவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்றே தவிர, கையில் பிடிமானம் வரவில்லை.

உள்ளே போனால், அடுப்பில் பெரிய தேக்சா. கழுத்தில் கட்டுக்கம்பி. பக்கத்தில் டில்லி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணெல்லாம் புகை. சோறு விளிம்புவரை பொங்கி நின்றது.

நான்கு பேர் வீட்டில், அதிலும் ஒருத்தர் கடலில் இருக்கும்போது, இவ்வளவு எதற்கு என்று கேட்டேன்.

"எனுக்கு நைனா போட்ற அளவு தான்கா தெரியும்" என்றான்.

வாசலில் அறிவு தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தான்.