ஜீப்பின் இடதுபக்க இருக்கை

நனைந்த கித்தானும் டீசலும் கருவாடும் கலந்த வாடை எங்கேனும் மூக்கில் பட்டால் போதும், இன்றைக்கும் என் இடது கை தானாக மேலே எழுந்து ஒரு கம்பியைத் தேடும். அப்பாவின் ஜீப்பில் கித்தான் கூரையைத் தாங்கிய கம்பி அது. முன்னால், இடதுபக்க இருக்கையில் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ள அதைத் தவிர வேறொன்றும் கிடையாது. மழைக்காலம் முழுக்க அது ஈரமாகவே இருக்கும், வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் உள்ளங்கையில் துரு வாசனை போகாது, அந்தக் கையை முகர்ந்துகொண்டேதான் நான் தூங்குவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ரங்கூனின் போட்டாதாங் பகுதியில், படகுத்துறைக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. எனக்குப் பத்து வயது இருக்கலாம். ஓரிடத்தில் உட்காரத் தெரியாத பெண்பிள்ளை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு அடியில் கால் ஆடிக்கொண்டே இருக்கும், சாப்பிடும்போது முட்டி போய்த் தட்டை இடிக்கும், ஞாயிற்றுக்கிழமை கோயில் வகுப்பில் தமிழ் எழுதச் சொன்னால் அரைப் பக்கம் முடிவதற்குள் தண்ணீர் குடிக்க, மூக்குச் சிந்த, மழை விட்டதா என்று பார்க்க என எழுந்து போய்க்கொண்டே இருப்பேன். "காலுல என்ன எறும்பா ஊருது?" என்று அம்மா தொடையில் ஒன்று வைப்பாள். அந்த எறும்பு அடங்கிய ஒரே இடம் ஜீப்தான். அது என்னைவிட அதிகமாக ஆடியதால் நான் ஆடுவது யாருக்கும் தெரியவில்லை.

அதை ஜீப் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன வண்டியின் அடிச்சட்டம், ஏதோ ஒரு ஜப்பான் லாரியிலிருந்து கழற்றிய என்ஜின், பட்டறையில் தகரத்தை அடித்து வளைத்துச் செய்த உடம்பு. வாங்கிய அன்று காளி கோயில் வாசலில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அது போதாதென்று அப்பா அதைப் பெகு ரோட்டில் இருக்கும் ஆலமரத்து 'நாட்' சாமியிடமும் கொண்டுபோய், பர்மாக்காரர்கள் செய்வதுபோல வண்டியைக் கொஞ்சம் முன்னே விட்டுப் பின்னே எடுத்து, மறுபடி முன்னே விட்டுப் பின்னே எடுத்து, மூன்று முறை கும்பிட வைத்தார். இரண்டு பக்கத்துச் சாமியும் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவருடைய எண்ணம்.

பார்த்துக்கொள்ள வேண்டியதும் நிறையவே இருந்தது. படகுத்துறையில் உப்பு, எண்ணெய், கருவாடு என்று ஏற்றிக்கொண்டு அப்பா மாவ்பிக்கு அப்பால் இருக்கும் ஊர்களுக்குப் போவார். மாவ்பி வரைக்கும் தார் ரோடு, அதுவும் பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் கொஞ்சம் தார் என்றுதான் சொல்லவேண்டும். சந்தையைத் தாண்டித் திரும்பினால் செம்மண். வெயில் காலத்தில் மாட்டுவண்டித் தடம் காய்ந்து இறுகி, சக்கரம் அதற்குள் விழுந்தால் அது கொண்டுபோகிற இடத்துக்குத்தான் நாமும் போகவேண்டும். மழைக்காலத்திலோ தடமும் கிடையாது, ரோடும் கிடையாது, வயலுக்கும் வயலுக்கும் நடுவில் வயலைவிடக் குழைந்த ஒரு பட்டை மட்டும் தெரியும். மற்ற வண்டிகள் எல்லாம் மாவ்பியிலேயே சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். அப்பா இறங்கி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூங்கில் கழியால் சேற்றைக் குத்திப் பார்த்துவிட்டு வந்து, நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற குட்டையான கியரை இழுப்பார். அதை நாங்கள் 'குட்டி கியர்' என்போம். என்ஜின் அடிவயிற்றிலிருந்து முனகும், வண்டி ஒரு பக்கமாகச் சாயும், மூக்கைத் தூக்கும், சேறு என் முகத்தில் அறையும், எனக்கு ஒரே கொண்டாட்டமாக இருக்கும்.

ஆனால் நான் அந்த இருக்கையில் உட்கார்ந்தது கொண்டாட்டத்துக்காக அல்ல. அதைச் சொல்ல எங்கள் ஊர் ரோட்டின் கூத்தைச் சொல்லவேண்டும். நான் பிறப்பதற்கு முன்பே ஒரு நாள், இடதுபக்கம் ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் எல்லாம் இனி வலதுபக்கம் ஓடவேண்டும் என்று உத்தரவு வந்தது. வண்டிகள் பக்கம் மாறின, ஸ்டியரிங் மாறவில்லை. அது வலதுபக்கமே நின்றுவிட்டதால் ஓட்டுகிறவர் ரோட்டின் நடுவில் அல்ல, சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு பஸ் போனால் அதற்கு அப்பால் எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. இடதுபக்கம் இருப்பவர்தான் தலையை வெளியே நீட்டிப் பார்த்து, முந்தலாம் என்றால் "யாடே", கூடாது என்றால் "மயாபு" என்று பர்மா பாஷையில் கத்தவேண்டும். நகரத்து நடுவில், கியாக்டடாவில் ஓடுகிற பஸ்களில் இதற்கென்றே ஓர் ஆள் தொங்கிக்கொண்டு வருவான். எங்கள் ஜீப்பில் நான்.

இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது, அது அம்மா கொடுத்தது. அப்பா ஓட்டப் பழகியது அந்த உத்தரவுக்கு முந்தின காலத்தில். சாதாரண நாளில் ஒன்றும் ஆகாது. மனம் பதறினால் மட்டும் கை தானாகப் பழைய ஞாபகத்துக்குப் போய்விடும். அதிலும் பக்கமே இல்லாத சேற்றில் வெகுநேரம் ஓட்டிவிட்டுத் தார் ரோட்டில் ஏறும்போது, வண்டி இடதுபக்கமாகப் போய் நிற்கும். வீட்டில் அதற்குப் 'பழைய பக்கம்' என்று பெயர். "நீ எப்படியும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கப்போற. அந்த ஆட்டத்த அங்க போயி ஆடு. உங்கப்பா பழைய பக்கம் போனா கத்து," என்று சொல்லி அம்மாதான் என்னை முன்னால் ஏற்றிவிட்டாள். அம்மா ஜீப்பில் ஏறமாட்டாள். அவளுக்கு அது வாந்தி வண்டி.

ஆடி மாதத்தில் மட்டும் ஏறுவாள். மாவ்பிக்கு அப்பால் சித்தி இருந்த ஊரில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். அந்த வருஷமும் பின்னால் கோணிச் சாக்கின் மேல் உட்கார்ந்து, முகத்தைப் புடவைத் தலைப்பில் புதைத்துக்கொண்டு வந்தாள். கூழ் குடித்து, சித்தியோடு சிரித்துப் பேசி, மத்தியானம் மழை கொஞ்சம் விட்டதும் கிளம்பினோம். ஊரைத் தாண்டிய முதல் வளைவிலேயே ஜீப் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. பாரம் குறையட்டும் என்று அம்மா இறங்கி வரப்பில் புல்லுக்கு நடுவே நின்றாள். அப்பா குட்டி கியரைப் போட்டு முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டிருந்தார், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தேன், வண்டி ஒருவழியாக மேலே ஏறிய சந்தோஷத்தில் நான் கத்திய கத்தலில் அம்மா கத்தியது எங்களுக்குக் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தபோது அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னங்க, ம்வே," என்றாள். பாம்பைத் தமிழில் சொன்னால் கூப்பிட்டதாக ஆகிவிடும் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் எப்போதும் பர்மா பாஷையில்தான் சொல்வார்கள். அந்த நேரத்திலும் அவள் அதை மறக்கவில்லை. அப்பா புல்லை விலக்கிப் பார்த்தார். வட்டம் வட்டமாகப் புள்ளி போட்ட தடித்த உடம்பு மெதுவாக வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடி விரியன். அந்தப் பக்கத்தில் நாற்று நடுகிறவர்கள் அதற்கு எத்தனை பேரைக் கொடுத்திருக்கிறார்கள் என்று சித்தி அன்று காலையில்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா துண்டால் காலைக் கட்டி, அம்மாவைப் பின்னால் சாக்கின் மேல் படுக்க வைத்தார். "தனம், தூங்காத. பேசிக்கிட்டே வா." ஓடிப்போய் ஏறி வண்டியைக் கிளப்பினார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கால் வீங்கிக்கொண்டே போனது. அம்மா பேசினாள், மாவு ஊறப் போட்டதை, மாடியில் காயப்போட்ட துணியை, பிறகு எதையோ. வாயைத் துடைத்தபோது புடவைத் தலைப்பில் ரத்தம் தெரிந்தது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. எனக்கு இறங்கி ஓடவேண்டும் போலிருந்தது. ஜீப்பை விட வேகமாக நான் ஓடிவிடுவேன் என்று உடம்பு நம்பியது. அப்பா பள்ளம் பார்க்கவில்லை, கழியால் குத்திப் பார்க்கவில்லை, தண்ணீர் நின்ற இடத்தில் எல்லாம் அப்படியே விட்டார். அன்றைக்கு அந்த வண்டி எப்படி நிற்காமல் வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கடைசியில் தார் ரோடு. டயர் தாரில் பட்டதும் சத்தம் மாறியது, அப்பா பெருமூச்சு விட்டு வேகத்தைக் கூட்டினார். நான் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மாவின் கண் சொருகியிருந்தது. முன்னால் திரும்பினேன். மழைக்குள் இரண்டு விளக்கு, நேராக எங்களைப் பார்த்து. ஒரு நொடி அந்த லாரிக்காரனைத்தான் திட்டினேன், என்ன இவன் எங்கள் பக்கத்தில் வருகிறான் என்று. அப்புறம்தான் புரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, "பழைய பக்கம்! அப்பா, பழைய பக்கம்!" என்று கத்தினேன். அப்பா ஸ்டியரிங்கை ஒடித்தார். லாரி என் பக்கமாக உரசிக்கொண்டு போனது. நான் பிடித்திருந்த கம்பி கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போக, கித்தான் கிழிந்து தொங்கியது. அப்பா நிறுத்தவில்லை. வலதுபக்கம் வந்துவிட்டோமா என்று மட்டும் கேட்டார். வந்துவிட்டோம் என்றேன். ஆஸ்பத்திரி வரும் வரைக்கும், முன்னால் போன ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கம்பி இல்லாத இடத்தில் தலையை நீட்டி நீட்டிக் கத்திக்கொண்டே வந்தேன்.

அம்மா பிழைத்தாள். ஊசி போட்டார்கள், ஒன்றுக்குப் போகவில்லை என்று பயந்தார்கள், பிறகு போனது என்று கொண்டாடினார்கள். மழைக்காலம் முடியும்போது வீட்டுக்கு வந்தாள். அப்பா வேறு கம்பி பற்றவைத்து, புதுக் கித்தான் போட்டு, முதல் சவாரிக்கு ஜீப்பைக் கிளப்பினார். நான் வழக்கம்போல ஓடிப்போய் ஏறினேன். அம்மா நொண்டிக்கொண்டே வந்து முன்னால் நின்றாள். "எறங்கு. நீ பின்னாடி போ."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வண்டியைக் காப்பாற்றியவள் நான், அம்மாவைக் காப்பாற்றியவள் நான், பரிசு இதுதானா? நான் லாரியைப் பார்க்கத் தாமதித்துவிட்டேன், அதனால் என்மேல் நம்பிக்கை போய்விட்டது என்றுதான் நினைத்தேன், யாரிடமும் கேட்கவும் இல்லை. அம்மாவோ அந்த வேலைக்கு லாயக்கே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ரோடு காலியாகக் கிடந்தாலும் "மயாபு". எதிரே ஒரு சைக்கிள் வந்தாலும் "மயாபு, மயாபு". "உங்கம்மாவக் கேட்டா நாம போட்டாதாங்லயே நிக்க வேண்டியதுதான்," என்று அப்பா சிரிப்பார், ஆனாலும் அவள் சொன்னபடிதான் ஓட்டுவார். வாந்தி எடுத்துக்கொண்டே, வருஷக்கணக்கில், அவள் அந்த இருக்கையை விடவில்லை. பின்னால் சாக்குகளுக்கு நடுவில் எனக்குக் கால் நீட்ட இடமில்லை, எறும்பு மறுபடி ஊர ஆரம்பித்தது, பிறகு அது அடங்கவேயில்லை.

அப்பா போய்ச் சில வருஷம் ஆகிறது. ஜீப்பைப் பிரித்து விற்றோம், என்ஜின் ஒரு படகுக்குப் போய்விட்டது என்று கேள்வி. குட்டி கியர் என்றால் என் மகளுக்கு என்னவென்று தெரியாது. சித்தி ஊருக்கு இப்போது தார் போட்டுவிட்டார்கள், ரங்கூனை விட்டு வெளியேறுகிற ரோட்டிலும் பாதி தூரத்துக்கு நடுவில் சுவர் எழுப்பிவிட்டார்கள். போன ஆடியில் ஒரு டாக்சி பேசிக்கொண்டு மூன்று பேரும் கூழுக்குப் போனோம், அதற்கும் ஸ்டியரிங் வலதுபக்கம்தான். மகள் முன் கதவைத் திறக்க ஓடினாள். அம்மா அவளைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, அந்த வயதிலும், தானே இடதுபக்கம் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் எட்டி எட்டிப் பார்த்து "மயாபு" வேறு.

ஊரில் இறங்கியதும் எனக்குப் பழைய கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நடுவுல சுவரு இருக்கும்மா. எதுக்க யாரு வரப்போறா? அப்பவும் என்ன நம்பல, இப்ப இவளையும் நம்பல."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நம்பாமயா? நீ கத்துனது எனக்குக் கேட்டுச்சு. தலையத் தூக்கிப் பாத்தேன். லாரி உன் தலையத் தொட்டுக்கிட்டுப் போச்சு. அதுவரைக்கும் எனக்குத் தோணவே இல்லடி. அந்த சீட்டுதான் நடு ரோட்டுல இருக்கு. முட்டுனா மொத அடி அங்கதான். பெத்த புள்ளைய நானே அங்க ஏத்தி உக்கார வச்சு, கத்துன்னு சொல்லி அனுப்பியிருக்கேன். வெசத்த விட அதுதான் எனக்கு நெஞ்ச அடைச்சுது." சொல்லிவிட்டு, கூழ் ஆறிவிடும் என்று நடக்க ஆரம்பித்தாள்.

நான் அங்கேயே நின்றேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

திரும்பும்போது டாக்சிக்காரர் கதவைத் திறந்ததும் நான் முன்னால் போய் இடதுபக்கம் உட்கார்ந்துகொண்டேன். அம்மா வந்து நின்றாள். "எறங்கு, அது என் எடம்."

"நீ பின்னாடி போம்மா," என்றேன்.

"சுவரு இருக்குன்னியே?"

"இருக்கட்டும். போ."

முணுமுணுத்துக்கொண்டே பின்னால் பேத்தியோடு ஏறினாள். மாவ்பியைத் தாண்டி, சுவர் இன்னும் ஆரம்பிக்காத இடத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் உருண்டுகொண்டிருந்தது. என் கை இல்லாத கம்பியைத் தேடியது. தலையை நீட்டிப் பார்த்தேன். ரோடு வெகுதூரத்துக்குக் காலியாக இருந்தது. "மயாபு," என்றேன். டாக்சிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். பின்னாலிருந்து அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது.