மூடிய கதவுக்கு முன்னால் என் மகள்

என் மகளின் முதலாம் ஆண்டு திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். சபையில் எழுந்து பேச எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். இருந்தாலும் எழுதினால் முழுதாகச் சொல்லிவிடலாம் என்று இதை எழுதி அச்சடித்துத் தருகிறேன்.

என் மகள் பிறந்தது சித்தூர் அரசு மருத்துவமனையில். வளர்ந்தது நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே, எல்லையை ஒட்டிய எங்கள் ஊரில். ஐந்தாவது வரை ஊரிலேயே தமிழ்ப் பள்ளி. ஆறாவதிலிருந்து புத்தூரில் தெலுங்கு. எழுத்துக் கூட்டிப் படித்தவள் பத்தாவதில் பள்ளிக்கே முதலாவதாக வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளுக்குத் தெலுங்கு எழுத்து சொல்லிக் கொடுப்பாள். பென்சன் நின்றுபோன முதியவர்களைச் சச்சிவாலயம் என்கிற கிராம அரசு அலுவலகத்துக்கு அழைத்துப் போய் அவர்களுக்காகப் பேசுவாள்.

"ஊரு வேலையெல்லாம் தலைமேல போட்டுக்கினு நீ எப்படி டாக்டருக்குப் படிப்ப?" என்று அவள் அம்மா திட்டுவாள்.

"தோசைய ஊத்தும்மா, துன்னுக்கினே படிக்கிறேன்" என்பாள்.

எங்கள் ஊரில் ஒரு தொல்லை உண்டு. செல்போன் தமிழ்நாட்டு டவரைத்தான் பிடிக்கும். ஆம்புலன்சுக்குப் போன் போட்டால் சென்னையில் எடுப்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னதும், அது ஆந்திரா, அங்கே கேளுங்கள் என்பார்கள். ஏரிக்கரையின் மேற்குக் கோடியில், மதகின் மேல் நின்றால்தான் ஆந்திரா டவர் வரும். இதைக் கண்டுபிடித்து வீடு வீடாகச் சொன்னவள் என் மகள். ஆனாலும் அவசரத்தில் ஜனங்கள் நின்ற இடத்திலிருந்தே போட்டுவிடுவார்கள்.

போன வருடம் மே மாதம், திருப்பதியில் மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு. காலையிலேயே நாங்கள் இருவரும் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். எங்கள் தெருவில் மூன்றாவது வீடு செல்வியுடையது. திருத்தணிப் பக்கத்திலிருந்து வாழ வந்த பெண். புருஷன் லாரியில் வெளியூர் போயிருந்தான். நிறைமாதமாக இருந்தவளுக்குப் பிரசவ வலி கண்டு, நிலைமை மோசமாகிவிட்டது. மாமியார் தெருவுக்கு ஓடி வந்தார்.

"பாப்பா, மெட்ராஸ்காரன் வரமாட்டேன்றான்டி!"

"கண்ணு, பஸ் வந்துடும்" என்றேன்.

"அடுத்த பஸ்ஸுல போலாம் நைனா, நேரம் கீது." சொல்லிக்கொண்டே ஏரிக்கரைக்கு ஓடினாள்.

அவள் மதகின் மேல் நின்று போன் போட்டதும் ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்த நர்ஸம்மாவுக்குத் தமிழ் தெரியாது, செல்விக்குத் தெலுங்கு தெரியாது. செல்வி என் மகளின் துப்பட்டாவைப் பிடித்தவள் விடவில்லை. அதனால் இவளும் ஏறினாள். நான் பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். புத்தூர் ஆஸ்பத்திரியில் செல்வியை உள்ளே கொண்டுபோன பிறகுதான் என் மகள் வெளியே வந்தாள்.

அதே மோட்டார் சைக்கிளில் திருப்பதிக்குக் கிளம்பினோம். வடமாலபேட்டை தாண்டியதும் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. வண்டிகள் நகரவில்லை. "ஓரமா பூந்து போ நைனா, பூந்து போ" என்று என் தோளை அழுத்திக்கொண்டே வந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தேர்வு நடக்கும் கல்லூரியின் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"டைம் அயிபோயிந்தம்மா", நேரம் முடிந்துவிட்டது என்றார் உள்ளே நின்ற போலீஸ்காரர். வெளியே இன்னும் மூன்று பிள்ளைகள். ஒரு பெண் கதவைத் தட்டித் தட்டி அழுதுகொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்துக் கட்சித் தலைவர் ஒருவர், தன் வீட்டுப் பிள்ளையை விட வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டார்.

"நம்மூரு பொண்ணா? சத்தம் போடாம பின்னால வாம்மா. சின்ன கேட்டுல உடச் சொல்றேன்."

"மாமா, இவங்களும் என்ன மாதிரிதானே நிக்கிறாங்க? நாலு பேரையும் உடச் சொல்லுங்க."

"நாலு பேருன்னா எவன் உடுவான்? உனக்குன்னாதான் கேப்பேன்."

"அப்ப வேணாம் மாமா."

"ஒரு வருசம் போயிடும்டி கண்ணு" என்றேன்.

"இந்தப் பொண்ணு அழுவுறத கேட்டுக்கினே உள்ள போயி நான் என்னா எழுதுவேன் நைனா?"

"நல்லா வளத்துகீறப்பா பொண்ண!" என்று என்னைப் பார்த்துக் கிண்டலாகச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். உள்ளே மணி அடித்தது. என் மகள் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பும் வழியில் புத்தூர் ஆஸ்பத்திரியில் வண்டியை நிறுத்தி, செல்விக்குப் பிறந்த பெண் குழந்தையைப் பார்த்தோம்.

அடுத்த வருடத் தேர்வுக்காக என் மகள் திருப்பதியில் விடுதியில் தங்கிப் படித்தாள். மாதிரித் தேர்வுகளில் எல்லாம் முதலிடம். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. "சாதாரண ஜொரம்தான், நீ கழனியப் பாரு" என்று போனில் சொன்னாள். அது டெங்கு. ஊர்ப் பிள்ளைகள் வேன் பிடித்து வந்து ரத்தம் கொடுத்தார்கள். காப்பாற்ற முடியவில்லை.

காரியத்தன்று நம் உறவில் ஒருவர், செல்வியின் காதில் விழும்படி, "அன்னிக்கு இந்தப் பிரசவம் வராம இருந்தா, பொண்ணு சீட்டு வாங்கி எங்கியோ படிச்சிக்கினு உசுரோட இருந்திருக்கும்" என்றார். யார் என்று எழுத மாட்டேன். அன்றிலிருந்து செல்வி எங்கள் வாசல் வழியாக வருவதில்லை. கடைக்குக்கூடப் பின்தெருவில் சுற்றிக்கொண்டு போகிறாள். அந்தக் குழந்தை நடக்கவே ஆரம்பித்துவிட்டது. எங்கள் வீட்டுக்குள் ஒருமுறைகூட வந்ததில்லை.

உங்களை எல்லாம் கேட்டுக்கொள்கிறேன். ஏரிக்கரைக்கு ஓடியதும் என் மகளின் முடிவு. கதவுக்கு முன்னால் வேண்டாம் என்றதும் அவள் முடிவு. ஒரு வருடம் போகும் என்று தெரிந்துதான் சொன்னாள். அதைச் செல்வியின் தலையில் பழியாகப் போட்டால், என் மகள் செய்ததை அவளிடமிருந்து நாமே பிடுங்கிக்கொண்டது போலாகும்.

ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்ஸம்மாக்களுக்கும், கூடவே இருந்த விடுதித் தோழிகளுக்கும், எங்களைச் சாப்பிட வைத்த அக்கம்பக்கத்தாருக்கும் என் நன்றி.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் செல்வி வீட்டுக்குப் போய்த் திதிக்கு அழைத்தேன்.

"வந்தா எல்லாரும் எம் மூஞ்சியத்தான் பாப்பாங்க மாமா" என்றாள்.

"நீ வந்தாலும் வராங்காட்டியும் உனக்கு எலை போட்டு வெப்பேன்மா" என்றேன்.

வருவாளோ மாட்டாளோ, தெரியாது. பந்தியில் முதல் வரிசையில் இரண்டு இலை காலியாக இருக்கும். ஒன்று செல்விக்கு, ஒன்று அவள் குழந்தைக்கு. தயவுசெய்து அதில் யாரும் உட்கார வேண்டாம். அவள் வாசலில் வந்து நின்றால், உங்களில் ஒருவர் எழுந்துபோய்க் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வாருங்கள்.