அரிசி டின்னுக்குள் இருந்த பம்ப்

தொய்வு என்றால் என்னவென்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் கேட்கும். கூடினால் கதைக்கவும் முடியாது. என் மகளுக்கு அது ஆறு வயதில் வந்தது. இத்தாலியில், பலேர்மோ நகரச் சந்தைக்குப் பின்னால் ஓர் அறை வீட்டில் இருந்தோம். அந்தக் குளிர்காலத்தில் இரண்டு தடவை அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மூன்றாவது தடவை ஓடக்கூடாது. எனக்கும் மனைவிக்கும் வேறு யோசனை இருக்கவில்லை.

பிள்ளைகளைப் பார்க்கும் பெண் டாக்டர், மருந்தை மூச்சோடு உள்ளே இழுக்கும் ஒரு பம்பும், அதில் பொருத்தும் பிளாஸ்டிக் குழாயும் தந்தார். சுகமாக இருக்கும் நாளிலும் காலையும் மாலையும் எடுக்க வேண்டும் என்றார்.

எங்கள் ஆட்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். பம்ப் பழகிவிடுமாம், பிறகு விடவே முடியாதாம். பெண் பிள்ளைக்குத் தொய்வு என்று தெரிந்தால் நாளைக்குக் கலியாணப் பேச்சில் வந்து நிற்குமாம். இதை முதலில் சொன்னவர் மேல்மாடி அக்கா. நாங்கள் பம்பை நிறுத்தவில்லை. ஆனால் கதவு மணி அடித்தால் மனைவி அதை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிடுவார். பிறகு மகளே அதைச் செய்யப் பழகிக்கொண்டாள்.

பம்ப் எடுத்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு மூச்சு இழுத்தது. சனிக்கிழமை தலை முழுகுவதால் ஈரம் நின்று சளி பிடிக்கிறது என்று நாங்களே முடிவெடுத்தோம். ஆகவே தலை துவட்டியதும் யன்னல்களைப் பூட்டி, சாம்பிராணி போட்டு, கூந்தலுக்குள் புகை ஏற்றினார் மனைவி. இழுப்புக் கூடக்கூட, சாம்பிராணியையும் கூட்டினோம். கரி கொண்டுவந்தது நான். நகருக்கு வெளியே ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். மீன் சுடும் கரியில் நாலு துண்டு கேட்டு வாங்கி, பேப்பரில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவருவேன்.

ஒவ்வொரு நாளும் வீட்டில் என்ன நடக்கிறது என்று எழுதிவரும்படி டாக்டர் சொன்னார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இருந்தாலும் ஒரு கொப்பி வாங்கித் தமிழில் எழுதினேன். ஒரு மாதம் கழித்து, தெரிந்த இத்தாலிய மொழியில் அதை வாசித்துக் காட்டினேன். சனி, தலை முழுக்கு, புகை. ஞாயிறு, இழுப்பு. நாலு கிழமையும் அப்படியே. என்ன புகை என்று கேட்டார். தேவாலயத்தில் பிடிப்பது போன்றது என்றேன். யன்னல் திறந்திருக்குமா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் ஏசவில்லை. பேனையை வைத்துவிட்டு, தண்ணீரில் பிழை இல்லை, புகைதான் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப பிள்ளைக்கு இழுக்க வைச்சது நான்தானே?"

"கரி கொண்டந்தது நான்," என்றேன்.

தலை உலர்த்தும் மெஷின் ஒன்று வாங்கினோம். சாம்பிராணி டப்பா பல்கனிக்குப் போனது. அந்த ஞாயிறு இழுக்கவில்லை. அதை நம்பாமல் அடுத்த ஞாயிறு வரை பார்த்திருந்தோம். அன்றும் இழுக்கவில்லை.

பிறகு ஒரு பின்னேரம், மகள் குழாயை வாயில் வைத்து மூச்சு எண்ணிக்கொண்டிருக்கும்போது மேல்மாடி அக்கா வந்துவிட்டார். மணி அடிக்கவில்லை, கதவு திறந்துதான் இருந்தது. மனைவி குழாயைப் பறிக்கப் போனார்.

"விடும், பத்து மூச்சும் முடியட்டும்," என்றேன்.

அக்கா நின்று பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, என்ரை பெடியனுக்கு நான் குழாய் இல்லாமல் நேரா வாய்க்குள்ளை எல்லோ அடிக்கிறன்."

"அவனுக்கும் இருக்கோ?"

"ஓம். ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை. உடுப்பு அலுமாரிக்கை வைச்சிருக்கிறன்."

"எங்கடை அரிசி டின்னுக்கை, அக்கா," என்றார் மனைவி. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மகள் பத்தாவது மூச்சை விட்டுக் குழாயைக் கழற்றினாள். கழுவினால் துடைக்கக்கூடாது, தானாகக் காயவிட வேண்டும் என்று அக்காவுக்குச் சொன்னாள்.