கடித்து வைத்த ரொட்டி

இஸ்ஃபாராவில் சவ்ரினிசோ வீட்டுச் சுவரில் ஒரு ரொட்டி தொங்குகிறது. வெள்ளைத் துணியில் முடிந்து, எலிக்கும் எட்டாத உயரத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறார். ஓரத்தில் ஒரு கடி. மகன் கோமில் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பிய காலையில் கடித்தது. எங்கள் பக்கத்தில் பயணம் போகிறவர் ஒரு வாய் கடித்து வைத்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவார். மிச்சத்தைத் தின்ன அவரேதான் திரும்பி வர வேண்டும்.

சவ்ரினிசோவின் கணவரும் ஒரு காலத்தில் அப்படிக் கடித்துவிட்டுப் போனவர்தான். அங்கேயே இன்னொரு குடும்பம் தேடிக்கொண்டு, செல்போனிலேயே தலாக் சொல்லி முடித்துக்கொண்டார். அன்றைக்கே மாமியார் அந்த ரொட்டியை இறக்கி, ஊறவைத்துக் கோழிகளுக்குப் போட்டுவிட்டாராம். "பெத்தவளே போட்டுட்டா, நான் எதுக்கு அழணும்?" என்று சவ்ரினிசோ சிரித்துக்கொண்டே சொல்வார். கோமில் பேச்சு வந்தால் மட்டும் அந்தச் சிரிப்பு வராது.

நான் பக்கத்து நகரமான குஜந்தில் மொழிபெயர்ப்பாளன். வெளிநாட்டு அதிகாரிகள் வந்தால் கூடவே சுற்றுவது என் பிழைப்பு. அவர்கள் கேட்பதும் இவர்கள் சொல்வதும் ஒன்றோடொன்று ஒட்டாது. நடுவில் நின்று நான் ஒட்டவைப்பேன். கடைசியில் இரண்டு பக்கமும் என்னைத்தான் முறைக்கும்.

சவ்ரினிசோ, ஹக்பெர்தி என்பவரின் ஆப்ரிகாட் ஆலையில் வேலை பார்த்தார். பழத்தைப் பிளந்து கொட்டை எடுப்பது, தட்டில் பரப்புவது, வெயிலில் காய்ந்ததும் தரம் பிரிப்பது. வெயில் போனால் வேலையும் போயிற்று. எங்கள் ஆண்கள் ஏன் ரஷ்யாவுக்குப் போகிறார்கள் என்று மாநாடு போட்டு ஆராய்கிறவர்கள், பேசாமல் இங்கே ஒரு குளிர்காலம் இருந்து பார்க்கலாம்.

ஹக்பெர்திக்கு ஓர் ஆசை இருந்தது. உலர்த்தும் இயந்திரம் ஒன்று வாங்கிவிட்டால் வெயிலை எதிர்பார்க்க வேண்டாம், வருஷம் முழுக்க ஆலை ஓடும். கோமில் நல்ல மெக்கானிக். இயந்திரம் வந்தால் அந்த வேலை அவனுக்குத்தான் என்று ஹக்பெர்தி வாக்குக் கொடுத்திருந்தார். கோமிலும் போனில் அதையேதான் சொன்னானாம்: ஊரில் நிரந்தரமாக ஒரு வேலை இருந்தால் அடுத்த ரயிலில் ஏறிவிடுவேன் என்று. அதிலிருந்து சவ்ரினிசோவுக்கு இயந்திரமும் மகனும் ஒன்றாகிவிட்டார்கள்.

இயந்திரத்துக்குப் பணம் வேண்டும். அல்மாத்தியில் ஒரு தனியார் முதலீட்டு நிதி இருந்தது. எங்கள் பக்கத்து நாடுகளில் நல்ல கம்பெனிகளாகப் பார்த்துப் பங்கு வாங்கும், சில வருஷம் வளர்த்துவிட்டு விற்றுவிட்டுப் போகும். அந்த நிதியும் கையைப் பிசைந்துகொண்டுதான் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து ஒரு வளர்ச்சி வங்கி அதில் பணம் போட்டால்தான் அது இங்கே பங்கு வாங்க முடியும். போடலாமா என்று நேரில் பார்க்க வங்கியிலிருந்து மார்கிட் என்ற அம்மாள் வந்தார். நான் மொழிபெயர்க்கப் போனேன்.

அன்றைக்கு ஹக்பெர்தி செய்த காரியத்தை எங்கள் ஊர்க்காரன் தவிர வேறு யாரும் செய்ய மாட்டான். பெரிய விருந்தாளி வருகிறார் என்று ஆலைக்கே விடுமுறை விட்டுவிட்டார். விருந்தாளி வரும் நேரத்தில் அழுக்குத் துணியோடு ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தால் எங்களுக்கு மரியாதைக் குறைவு. தரையைக் கழுவி, ஆட்டை அறுத்து, உலர்த்தும் முற்றத்தின் நடுவில் விரிப்பு விரித்துப் பலகாரம் பரப்பியிருந்தார். மார்கிட் சுற்றிப் பார்த்தார். ஒரு பழம் இல்லை, ஒரு ஆள் இல்லை.

"வேலை செய்றவங்க எங்க?" என்று கேட்டார்.

"உங்களுக்காக எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டேன்" என்றார் ஹக்பெர்தி, பெருமையாக.

அல்மாத்தியிலிருந்து வந்த நிதிக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. அவர் மேல் எனக்கு ஒன்றும் இரக்கம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஒரு தொழிலாளியையாவது பார்க்காமல் போக மாட்டேன் என்று மார்கிட் சொல்லிவிட்டார். ஆலைக்குப் பின்னாலேயே இருந்தது சவ்ரினிசோ வீடுதான். எல்லாரும் அங்கே போனோம்.

சவ்ரினிசோ தேநீர் ஊற்றினார். சுவரில் தொங்குவது என்னவென்று மார்கிட் கேட்டதும், நான் வாயைத் திறப்பதற்குள் கோமிலின் கதை முழுவதையும் கொட்டிவிட்டார். இந்தப் பணம் வந்தால் உங்களுக்கு என்ன நன்மை என்று மார்கிட் கேட்டார்.

"மிஷின் வரும். என் பையன் வருவான்" என்றார் சவ்ரினிசோ.

உள்ளூரில் வேலைவாய்ப்புப் பெருகும் என்கிறார் என்று நிதிக்காரர் முந்திக்கொண்டு சொன்னார். நான் அதைத் தள்ளிவிட்டு, சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். பிறகு சவ்ரினிசோ வங்கி எப்படிப் பணம் தரும் என்று விசாரித்தார். வங்கி நிதிக்குத் தரும், நிதி முதலாளிக்குத் தரும் என்று விளக்கினேன். "இத்தனை பேர் கை மாறி வரதுக்குள்ள என் பையனுக்குத் தலை நரைச்சிடும் தம்பி" என்றார்.

கிளம்பும்போது அன்று சுட்ட ரொட்டி ஒன்றை மார்கிட் முன்னால் நீட்டினார். மார்கிட் சிரித்துக்கொண்டே ஒரு கடி கடித்தார். மறுநாள் சுவரில் இரண்டு முடிச்சுகள் தொங்கின.

ஆச்சரியமாக, பணம் வந்தது. வங்கி நிதியில் போட்டது, நிதி ஆலையில் பங்கு வாங்கியது, லாரியில் இயந்திரம் வந்து இறங்கியது. சவ்ரினிசோ அன்றைக்கே மகனுக்குப் போன் போட்டார். இந்தக் கட்டடம் முடியட்டும் அம்மா, வசந்தத்தில் வருகிறேன் என்றான். வசந்தம் வந்தது. கையெழுத்தாக வேண்டிய காகிதம் ஒன்று பாக்கி என்றான். ஹக்பெர்தி நல்ல மனிதர், ஒரு பருவம் முழுவதும் அந்த இடத்தைக் காலியாக வைத்திருந்தார். பிறகு பக்கத்து ஊர்ப் பையனை எடுத்துக்கொண்டார். கோமில் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான், ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. படம் அனுப்பினான். சவ்ரினிசோ இப்போது குளிர்காலத்திலும் வேலைக்குப் போகிறார். பக்கத்து ஊர்ப் பையன் இயந்திரத்தை நிறுத்தித் துடைக்கும்போது கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டு நிற்பாராம்.

போன இலையுதிர் காலத்தில் மார்கிட் மறுபடி வந்தார். நிதியின் காலம் முடிந்துவிட்டது. அது தன் பங்கை ஒரு பெரிய உணவுக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. போட்ட பணம் என்ன பலன் தந்தது என்று பார்த்துக் கணக்கை முடிக்க வந்தார். இந்த முறை ஆலை இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது, ஹக்பெர்தி பழைய பாடத்தை மறக்கவில்லை. மாலையில் மார்கிட்டே கேட்டுச் சவ்ரினிசோ வீட்டுக்கு வந்தார்.

சவ்ரினிசோ முக்காலி போட்டு ஏறி ஒரு முடிச்சை இறக்கினார். மார்கிட் கடித்த ரொட்டி, கல்லாகியிருந்தது. அதைத் தேநீரில் நனைத்து நனைத்து மார்கிட் தின்றார். ஒரு துணுக்குக்கூட மீதம் வைக்கவில்லை. தின்றுகொண்டே மேலே கோமிலின் முடிச்சு இன்னும் தொங்குவதைப் பார்த்துவிட்டார்.

புறப்படும்போது சவ்ரினிசோ மறுபடியும் புது ரொட்டியை நீட்டினார். மார்கிட் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிறேன், வங்கிக்கும் இந்த ஊரோடு இனி வேலை இல்லை, நான் திரும்பி வர மாட்டேன், பொய்யாகக் கடிக்கக் கூடாது என்று சொல்லச் சொன்னார். சொன்னேன்.

சவ்ரினிசோ நீட்டிய ரொட்டியைக் கீழே இறக்கவில்லை.

"வராட்டிப் பரவாயில்ல, கடிச்சுட்டுப் போகச் சொல்லு தம்பி" என்றார். "அவனோடது சுவத்துல ஒத்தையாத் தொங்குது."

மார்கிட் கடித்தார்.